பெற்றோருக்கு முப்பத்தெட்டுக் குறிப்புகள்

மே 11, ஞாயிறு

இன்று எனக்கு ஒரு பொறுப்பு கிடைத்திருக்கிறது. அதனால்தான் பழைய கணக்கு நோட்டின் மிச்சப் பக்கங்களைத் தைத்து இந்த நாட்குறிப்பைத் தொடங்குகிறேன். பொறுப்பு உள்ளவர்களுக்கு நாட்குறிப்பு வேண்டும்.

சென்னைக்கு வீடு மாறிப்போன ஒரு குடும்பத்தார் எங்கள் தாபோர்புரம் ஆலயத்துக்கு ஒரு மர அலமாரியும் முப்பத்தெட்டு நாவல்களும் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் பிள்ளைகளுக்கான கிறிஸ்தவக் கற்பனைக் கதைகள். பேசுகிற ஆந்தை, கடலுக்கடியில் ஜெப வீடு, மூடுபனியை ஆளும் சூனியக்காரி. ஞாயிறு பள்ளி நடத்தும் பால்மதி டீச்சர் அலமாரியைத் திறந்து காட்டியபோது புதுப் புத்தக வாசனையில் எனக்குத் தலை சுற்றியது.

உடனே கிளாடிஸ் அத்தை எழுந்துவிட்டார். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர்; மெயின் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறார். அவர் மகள் ஷைனிக்குப் பத்து வயது.

"சூனியக்காரியா? கோயில் அலமாரியிலயா? எம்பிள்ள கையில என்ன போவுதுன்னு எனக்குத் தெரியாண்டாமா டீச்சர்?"

எங்கள் ஊரில் சபைக் குருவை ஐயர் என்போம். ஐயர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நியாயமான கேள்விதான். ஒவ்வொரு புஸ்தகத்துலயும் முதல் பக்கத்துல பெற்றோருக்கு ஒரு குறிப்பு ஒட்டுவோம். உள்ள என்ன இருக்கு, எந்த வயசுக்குக் குடுக்கலாம், எந்த இடத்துல பிள்ள பயப்படும், எல்லாம் அதுல இருக்கட்டும். ஆனா முப்பத்தெட்டையும் வாசிக்கது யாரு?"

தாசன் பெரியப்பா, போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்தார்.

"நான் வாசிக்கேன்" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது.

மே 13, செவ்வாய்

தண்ணீர் பிடித்தேன். சோறு வடித்தேன். அப்பா நெத்திலிக் குழம்பு வைத்தார். அப்பாவுக்கு மைக் செட் தொழில். முகூர்த்த நாட்கள் வந்தால் வீட்டில் நான் மட்டும்தான். வாசிப்பதற்கு அது வசதி.

முதல் குறிப்பு எழுதினேன்:

"வயது எட்டுக்கு மேல். சூனியக்காரி வருகிறாள், கடைசியில் தோற்கிறாள், தோற்கும் வரை நன்றாக உடுத்துகிறாள். கத்தி ஓர் இடத்தில் வருகிறது, வெங்காயம் நறுக்க. சாவு இல்லை, ஓர் ஆட்டைத் தவிர. பிள்ளையோடு பேச வேண்டியது: பொய் சொல்லிக் கிடைத்த பரிசைத் திருப்பிக் கொடுக்கலாமா?"

குறிப்பில் ஆங்கில வார்த்தையே வரக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். பள்ளியில் தமிழ் ஐயா ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு அரை மதிப்பெண் குறைப்பார்.

மே 16, வெள்ளி

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு விடுமுறை. மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடுவார். முப்பத்தெட்டுக் குறிப்புகளைப் பற்றிச் சொன்னேன். "எம்மா, அவ்வளவும் வாசிச்சா கண்ணு என்னத்துக்கு ஆவும்?" என்றார். "உங்களுக்கு நைட் டூட்டி பாத்தா கண்ணு என்னத்துக்கு ஆவுது?" என்றேன். இருவரும் சிரித்தோம்.

அம்மா போய் ஒரு வருஷமும் நான்கு மாதமும் ஆகின்றன. போன அன்று எனக்குக் கணக்குத் தேர்வு. அதனால் வாசலில் நின்று வழியனுப்ப முடியவில்லை. தேர்வு மதியம்தான், ஆனால் திருப்பிப் பார்க்க நிறைய இருந்தது.

மே 21, புதன்

பதினாறு முடிந்துவிட்டன. கடலுக்கடியில் ஜெப வீடு உள்ள கதையில் ஒரு நண்டு உபதேசம் பண்ணுகிறது. "கேலி போலத் தெரியும், கேலி இல்லை" என்று குறிப்பு எழுதினேன். அதற்காக அந்தப் பக்கங்களை மூன்று முறை வாசித்தேன். பெற்றோர் நம்பிப் பிள்ளையிடம் கொடுப்பார்கள். ஏனோதானோ என்று எழுதக்கூடாது.

அரிசி அடிப்பிடித்துவிட்டது. நண்டு காரணம்.

மே 27, செவ்வாய்

"ஏழாம் துறைமுகம்" என்று ஆறு பாகத் தொடர் ஒன்று இருக்கிறது. முப்பத்தெட்டில் இதுதான் ராஜா. தீர்சாவும் அவள் தம்பி ஏனோசும் துறைமுகம் துறைமுகமாகப் போய் அணைந்துபோன விளக்குகளை ஏற்றுகிறார்கள். ஏழாவது துறைமுகத்தில் அரசர் காத்திருக்கிறார். அரசர் யாரென்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் பாகத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் வாசிக்காமல் இருக்க முடியாது.

இன்று மூன்றாம் பாகம் முடித்தேன். ஒன்பதாம் அத்தியாயம் சின்னது, எட்டே பக்கம். அதை விட்டுவிட்டுப் பத்துக்குப் போனாலும் கதை நன்றாகப் புரிகிறது.

குறிப்பு: "வயது எட்டுக்கு மேல். மந்திரம் இல்லை. புயல் ஒன்று. சோகம் இல்லை."

மே 30, வெள்ளி

இன்று அம்மாவோடு பேசவில்லை. தலைவலி என்று அப்பாவிடம் சொன்னேன்.

ஜூன் 3, செவ்வாய்

பள்ளி திறந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு. மதிய இடைவேளையில் நான்காம் பாகத்தை முடித்துவிட்டு, கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன். (நல்ல அழுகை. குறிப்பில் போட்டுவிட்டேன்.)

கேதார் என்று ஒரு மிருகம். மலை அளவு உடம்பு, பெரிய சிறகுகள், வாயில் நெருப்பு. எல்லாரும் அதற்குப் பயந்து ஓடுகிறார்கள். புயலில் பிள்ளைகளின் படகு பாறையை நோக்கிப் போகும்போது, விளக்குக்கு எண்ணெய் இல்லாததால் கேதார் தன் சிறகுகளையே கொளுத்தி வழி காட்டுகிறது. படகு கரை சேர்கிறது. கேதார் சாகிறது. மூன்றாம் நாள் காலை அந்த விளக்கு தானாக எரிகிறது!

புத்தகத்தில் அதற்கு "டிராகன்" என்று ஆங்கிலத்திலேயே போட்டிருக்கிறார்கள். அரை மதிப்பெண் போச்சு. பள்ளி நூலகத்தில் அகராதி பார்த்தேன். அழகான சொல் ஒன்று இருந்தது: வலுசர்ப்பம். ஆலயத்தில் எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது. வேதத் தமிழ் என்றால் கிளாடிஸ் அத்தைக்கும் பிடிக்கும்.

குறிப்பு: "வயது பத்துக்கு மேல். இக்கதையில் வலுசர்ப்பம் மிகவும் நல்லது. பிள்ளைகளுக்காகத் தன் ஜீவனையே கொடுக்கிறது. வலுசர்ப்பத்தின் அன்பைப் பற்றிப் பிள்ளையோடு பேசவும்."

இதுவரை எழுதியவற்றில் இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

முப்பத்தெட்டும் முடிந்தன! ஆராதனைக்குப் பிறகு டீச்சரும் நானும் பசை தடவி ஒட்டினோம். ஒவ்வொன்றின் கீழும் டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

"வாசிச்சுப் பாக்கலையா டீச்சர்?"

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும் எமீமா. எனக்கு இன்னும் இருபது தாள் திருத்தணும்."

அலமாரி திறந்த பத்து நிமிஷத்தில் பதினொரு புத்தகங்கள் போய்விட்டன. ஷைனி அட்டையில் இருந்த சிறகைப் பார்த்து நான்காம் பாகத்தை எடுத்துக்கொண்டாள். எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இதை எழுத விருப்பமில்லை. ஆனால் எழுத வேண்டும்.

ஆராதனை முடிந்து அறிவிப்புகள் சொல்லும் நேரம். கிளாடிஸ் அத்தை நேராக முன்னால் போய், கையில் நான்காம் பாகத்தோடு மைக்கைப் பிடித்தார். அப்பா வைத்த மைக். கடைசிப் பெஞ்சு வரை துல்லியமாகக் கேட்கும்.

"ஐயர் மன்னிக்கணும். நம்ம ஞாயிறு பள்ளிப் புஸ்தகத்துல ஒட்டியிருக்கதை வாசிக்கேன், சபையார் கேளுங்க. 'வலுசர்ப்பம் மிகவும் நல்லது. பிள்ளைகளுக்காகத் தன் ஜீவனையே கொடுக்கிறது. வலுசர்ப்பத்தின் அன்பைப் பற்றிப் பிள்ளையோடு பேசவும்!'"

ஆலயம் முழுவதும் ஒரே மூச்சில் "ஐயோ" என்றது. யாரோ "ஸ்தோத்திரம்" என்றும் சொன்னார், பழக்க தோஷத்தில்.

அந்த நொடியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது, அந்த வார்த்தையை எங்கே கேட்டேன் என்று. வேதத்தின் கடைசிப் பகுதியில். வானத்திலிருந்து தள்ளப்பட்ட வலுசர்ப்பம். பிசாசு என்றும் சாத்தான் என்றும் பெயர் உள்ளது. போன வருஷம் மனப்பாடப் போட்டியில் அந்த அதிகாரத்துக்குத்தான் எனக்குப் பரிசு!

பால்மதி டீச்சர் எழுந்தார். "கையெழுத்து என்னோடது. பொறுப்பும் என்னோடதுதான்."

என் பெயரை அவர் சொல்லவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

ஐயர் அலமாரியைப் பூட்டி, இரவல் போனவற்றைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டி கூடுகிறது. புத்தகங்களைத் திருப்பி அனுப்புவதா, ஞாயிறு பள்ளிக்கு வேறு ஆள் பார்ப்பதா என்று பேசப் போகிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

அப்பாவிடம் சொன்னேன். வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்த வார்த்த புஸ்தகத்துலயே இல்லையா?"

"இல்லப்பா. நான்தான் போட்டேன். அர மார்க்குக்குப் பயந்து."

அப்பா முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி மக்ளே, என்ன செய்யப் போற?"

டீச்சர் வீட்டுக்குப் போனேன். "கமிட்டிக்கு நீ வராண்டாம். நீ சின்னப் பிள்ள" என்றார். அவர் மேசையில் ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேடு, யாருக்கோ ஒப்படைப்பதற்குத் தயாராக, நூலால் கட்டியிருந்தது. பன்னிரண்டு வருஷப் பதிவேடு.

போவதாக முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

கமிட்டியில் பன்னிரண்டு பேர். ஐயர் நடுவில். நான் சீருடையில் போனேன், அதுதான் இஸ்திரி போட்டிருந்தது.

"அது என் வார்த்தை ஐயர். புஸ்தகத்துல அப்படி இல்ல. டீச்சர் எழுதல."

தாசன் பெரியப்பா விசாரணையை எடுத்துக்கொண்டார். "அப்ப புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"டிராகன், பெரியப்பா."

"அப்படின்னா?"

"வலு..." என்று தொடங்கி வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பேர் இருமினார்கள்.

"பாத்தியளா, பாத்தியளா! ரெண்டும் ஒண்ணுதானட்டி!" என்றார் கிளாடிஸ் அத்தை.

"ஒண்ணு இல்ல அத்த. வனாந்தரத்துல மோசே கம்பத்துல தூக்கினதும் சர்ப்பம்தான். வெண்கலத்துல. பாம்பு கடிச்சவங்க அதைப் பாத்துப் பொழச்சாங்க. பேரு பாம்புங்கறதால மட்டும் கெட்டதா ஆயிராது. என்ன செய்யுதுன்னு பாக்கணும்."

"எனக்கே வேதம் சொல்லித் தாரியா நீ?"

ஐயர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

பிறகு அத்தை ஒன்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "சரி, அந்த வார்த்த உன் தப்பு, ஒத்துக்கிட்ட. மிச்சம் முப்பத்தேழுலயும் தப்பு இல்லன்னு நான் எப்படி நம்புவேன்? நீ எழுதினதை நம்பித்தான எம்பிள்ளைக்குக் குடுக்கணும்?"

"சரி பாருங்க" என்று சொல்லிவிட்டேன். "ஆளுக்கு மூணு புஸ்தகம் எடுத்துட்டுப் போயி வாசிங்க. என் குறிப்பு சரியான்னு பாருங்க. உண்மைய மறைச்சு ஒரு வரி இருந்தாலும் அலமாரியப் பூட்டிருங்க."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பன்னிரண்டு மூன்றுகள் முப்பத்தாறு. மீதி இரண்டையும் ஐயர் எடுத்துக்கொண்டார். ஜூலை 5 வரை தவணை. அதுவரை டீச்சரைப் பற்றிய பேச்சு இல்லை.

கிளாடிஸ் அத்தை அலமாரியில் விரலை ஓட்டினார். "'ஏழாம் துறைமுகம்' மூணாம் பாகத்த நான் எடுக்கேன். நாலுல பாதி வாசிச்சுட்டு முன்கத என்னன்னு ஷைனி என் உயிர வாங்குதா."

வெற்றிகரமாக வீட்டுக்கு வந்தேன். ஆனால் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்று தெரியவில்லை. எல்லாக் குறிப்பும் சரிதானே.

ஜூன் 25, புதன்

ஊரே வாசிக்கிறது!

தாசன் பெரியப்பா டீக்கடையில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஆந்தைக் கதை வாசிக்கிறார். என்னைப் பார்த்ததும் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"கத்தி மூணு இடத்துலன்னு போட்டிருக்க. நான் நாலு எண்ணியிருக்கேன்."

"நாலாவது ஈட்டி, பெரியப்பா."

புரட்டிப் பார்த்தார். "ஈட்டிதான். உன் பக்கம் தீர்ப்பு. சரி, இந்த ஆந்தை கடைசியில நம்ம ஆளா, எதிரியா?"

"சொல்ல மாட்டேன்."

"முப்பத்திரண்டு வருஷம் விசாரணை பண்ணினவன்ட்டயே சொல்ல மாட்டேங்கா பாரு" என்று டீக்கடைக்காரரிடம் முறையிட்டார்.

ஐயரின் மனைவி ஐயரம்மா வைத்த புளிக்குழம்பு தீய்ந்துவிட்டதாம். ஐயரே சொன்னார். நண்டு உபதேசம் பண்ணுகிற புத்தகம்தான்.

ஜூன் 28, சனி

சீருடைப் பாவாடைக்கு மடிப்பு இறக்க வேண்டியிருந்தது. அதனால்தான் கிளாடிஸ் அத்தை கடைக்குப் போனேன். தையல் மெஷின் மேல் மூன்றாம் பாகம் இருந்தது. அடையாளத்துக்கு இஞ்ச் டேப்பை வைத்திருந்தார். எட்டாம் அத்தியாயம் முடிகிற இடம்.

"அத்த, அந்தப் புஸ்தகத்த ஒரு நாள் குடுக்கியளா? ஒண்ணு சரிபாக்கணும்" என்று கேட்கலாம். குறிப்பில் ஒரு வரியை மாற்றி எழுதி ஒட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது.

கேட்கவில்லை. பாவாடையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஒன்பதாம் அத்தியாயத்தை நான் வாசிக்கவில்லை. முதல் வரி மட்டும் வாசித்தேன். "அம்மாவின் பெட்டி வாசலில் இருந்தது."

ஜூலை 1, செவ்வாய்

பள்ளி விட்டு வரும்போது கடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏட்டி எமீமா, இங்க வா."

போனேன். அத்தை என் பாவாடையை மடித்துக் கொடுத்தார். அதன் மேல் மூன்றாம் பாகத்தை வைத்தார்.

"சோகம் இல்லைன்னு போட்டிருக்க."

"ஆமா அத்த."

"ஒன்பதாவது அத்தியாயத்துல அவுக அம்மா கப்பலேறிப் போறா. ஷைனி தலையணைய நனைச்சுட்டா. நான் ஒரு ரவிக்கைக்குக் கைய மாத்தி வச்சுத் தச்சுட்டேன். இது சோகம் இல்லையா?"

நான் மெஷின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ இத வாசிக்கல. அப்படித்தான?"

தலையாட்டினேன்.

அத்தை கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு, "உங்கம்மா போயி எவ்வளவு நாளாச்சு?" என்றார்.

"ஒரு வருஷமும் ஆறு மாசமும்."

அத்தை மனம் இளகி, "சரி விடு, யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "சனிக்கிழம இத நானா சொல்லணுமா, நீயா சொல்லுதியா?" என்று கேட்டார்.

"நானே சொல்லுதேன்."

"வாசிக்காம என்னத்தச் சொல்லுவ? உக்காரு. இங்கயே வாசி."

ஒரு ரவிக்கை வாங்க ஆள் வந்தது. "நாளைக்கு வாங்கக்கா" என்று அனுப்பிவிட்டார். மெஷினை நிறுத்தினார். ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாபின் உருளையில் கையால் நூல் சுற்றத் தொடங்கினார். என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் பக்கத்திலேயே இருந்தார்.

எட்டுப் பக்கம். வாசித்தேன்.

தீர்சாவும் ஏனோசும் கோபத்தில் வலைக் கொட்டகைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். அம்மா தேடுகிறாள்; கூப்பிடுகிறாள்; கப்பல் சங்கு ஊதுகிறது; போய்விடுகிறாள். சாயங்காலம் ஒரு மீனவர் வந்து சொல்கிறார்: "உங்க அம்மா கரை மறையும் வரை பின்தளத்தில் நின்று பார்த்துக்கொண்டே போனாள்." தீர்சா கேட்கிறாள்: "நாங்கள்தான் கரையில் இல்லையே?" மீனவர் சொல்கிறார்: "அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கரையைத்தான் பார்த்தாள்."

அத்தை சுற்றிய பாபின் நிறைந்து நூல் வழிந்துகொண்டிருந்தது. அவரும் கவனிக்கவில்லை.

ஜூலை 5, சனி

முழுவதையும் எழுதுகிறேன், ஒன்றும் விடாமல்.

ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். சரி. சரி. சரி. ஒருவர் "வயது எட்டுக்கு மேல் என்பதை நாற்பதுக்கு மேலும் வாசிக்கலாம் என்று திருத்தலாம்" என்றார். தாசன் பெரியப்பா ஈட்டி விவகாரத்தைத் தீர்ப்போடு எடுத்துச் சொன்னார். முப்பத்தைந்து ஆகிவிட்டது.

கிளாடிஸ் அத்தை முறை. இரண்டைச் சரி என்றார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். "அதுல ஒரு பொய் இருக்கு. சோகம் இல்லைன்னு எழுதியிருக்கேன். இருக்கு. அந்த அத்தியாயத்த நான் வாசிக்காமலே எழுதினேன். அம்மா ஊருக்குப் போற கத. எனக்கு வாசிக்க முடியல." ஐயரைப் பார்த்து முடித்தேன். "ஒரு வரி தப்பா இருந்தாலும் பூட்டிருங்கன்னு நான்தான் சொன்னேன். ஆனா டீச்சர் மேல தப்பு இல்ல."

ஐயர் சாவியை மேசையில் வைத்தார்.

"பூட்டுனா," என்றார் தாசன் பெரியப்பா மெதுவாக, "ஆந்தைக் கதையோட ரெண்டாம் பாகத்த எனக்கு யாரு தருவா?"

"இருங்க அண்ணாச்சி" என்று கிளாடிஸ் அத்தை எழுந்தார். "பிள்ள புதுக் குறிப்பு எழுதிக் கொண்டாந்திருக்கா. மொதல்ல அத வாசிக்கேன்." என் கையிலிருந்து சீட்டை வாங்கி வாசித்தார்:

"'வயது எட்டுக்கு மேல். மந்திரம் இல்லை. புயல் ஒன்று. ஒன்பதாம் அத்தியாயத்தில் அம்மா தூரதேசம் போகிறாள். வீட்டில் யாராவது தூரத்தில் இருந்தால் பிள்ளைக்கு மிகவும் அழுகை வரும். பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது வாசிக்கவும். பேசத் தேவையில்லை, இருந்தால் போதும். ஆனால் இந்த அத்தியாயத்தை விட்டுவிட வேண்டாம்.'"

சீட்டை மடித்தார். "இந்தக் கமிட்டியில எத்தன பேரு வீட்டுல ஆளு வெளிநாட்டுல இருக்கு? கையத் தூக்குங்க."

ஒன்பது கைகள் எழுந்தன. ஐயர் கையும்தான். அவர் மகன் தோகாவில் இருக்கிறார்.

"நான் அன்னைக்குக் கேட்டது இதத்தான ஐயர்? எம்பிள்ள கையில என்ன போவுதுன்னு தெரியணும்னேன். தெரிஞ்சுபோச்சு. தப்ப யாரும் கண்டுபிடிச்சுச் சொல்லல, அவளே எந்திரிச்சுச் சொல்லிட்டா. இனிமே அவ எழுதினா நான் நம்புவேன். ஆனா ஒண்ணு. குறிப்புக்குக் கீழ அவ பேரே இருக்கட்டும். அதுக்குக் கீழ வாசிச்சுப் பாத்த ஒரு அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போடணும்."

கை தூக்கச் சொன்னார்கள். பன்னிரண்டும் எழுந்தன! தாசன் பெரியப்பா இரண்டையும் தூக்கினார். ஒன்றை இறக்கச் சொன்னார்கள்.

பால்மதி டீச்சர் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். பதிவேட்டின் நூலை அங்கேயே அவிழ்த்தார்.

கடைசியாக அந்த மிருகத்தின் பெயர். அதற்கு அரை மணி நேரம் ஆனது. "பெரிய பல்லி" என்று ஒருவர் சொன்னார்; கேதார் ஆத்திரப்பட்டிருக்கும். முடிவில் கிளாடிஸ் அத்தை "சிறகுநாகம்" என்றார். எல்லாரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. கமிட்டி நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவிட்டார்கள்: "நான்காம் பாகத்தில் வருவது சிறகுநாகம் என்றும், அது நல்லது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

ஜூலை 6, ஞாயிறு

அலமாரி திறந்தது. வரிசை ஆலய வாசல் தாண்டி வேப்பமரம் வரை நின்றது. வரிசையில் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் அதிகம். ஒரு சாவி டீச்சரிடம், இன்னொன்று கிளாடிஸ் அத்தையிடம்.

குறிப்புகளின் கீழே என் பெயர், முப்பத்தெட்டு முறை.

ஜூலை 11, வெள்ளி

மூன்றாம் பாகத்தை நான் இரவல் எடுத்து வந்திருந்தேன். ஐந்து மணிக்கு அம்மா கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். தாசன் பெரியப்பாவின் இரண்டு கைகளுக்கு அம்மா சிரித்த சிரிப்பில் யாரோ அந்தப் பக்கம் "என்ன சிஸ்டர்?" என்று கேட்டார்கள்.

"அம்மா, ஒன்பதாம் அத்தியாயத்த உங்களுக்கு வாசிச்சுக் காட்டட்டா?"

"சோகமா இருக்கும்னியே."

"ஆமா. பக்கத்துல ஆளு இருக்கும்போதுதான் வாசிக்கணும்."

"நான் பக்கத்துல இல்லையே மக்ளே."

"காது பக்கத்துல இருக்குல்லா? போதும்."

வாசித்தேன். வலைக் கொட்டகை வந்ததும் நின்றுவிட்டேன். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அம்மா, அன்னைக்குப் பரீட்ச மதியம்தான். நான் மொட்டமாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருந்தேன்."

இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"தெரியும்" என்றார் அம்மா. "தொட்டிக்கு மேல உன் செவப்பு ரிப்பன் தெரிஞ்சுச்சே. கார் மெயின் ரோட்டுல திரும்புற வரைக்கும் அதத்தான் பாத்துட்டுப் போனேன். டிரைவரு, என்னக்கா கழுத்து சுளுக்கிருச்சான்னு கேட்டாரு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதோம், ஒரே நேரத்தில் சிரித்தோம். இதற்குக் குறிப்பு எழுத எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை.

"மிச்சத்தையும் வாசி" என்றார்.

வாசித்தேன். மீனவர் பேசுகிற இடத்தில்கூட என் குரல் உடையவில்லை. அப்பா வயர் சுற்றுவதை விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார். எட்டுப் பக்கத்தையும் கடைசி வரி வரை, ஒரு வார்த்தை விடாமல் வாசித்து முடித்தேன்.

பிறகு அப்பாவிடம் பேனாவைக் கொடுத்தேன். மூன்றாம் பாகத்தின் குறிப்புக்குக் கீழே, என் பெயருக்கு அடியில், பெற்றோர் கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. அப்பா தன் பெயரை எழுதினார். அம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, பக்கத்திலேயே அம்மாவின் பெயரையும் எழுதினார்.